கையெழுத்து செல்லாத ஊர்

குத்தகைக்கு எடுத்த விமானத்தைத் திருப்பிக் கொடுக்கும் வேலை ஹேங்கரில் வாரக்கணக்கில் நடக்கும். தரைப்பலகைகளைக் கழற்றித் துரு தேடுவார்கள். எஞ்சினுக்குள் போரோஸ்கோப் விட்டுப் படம் எடுப்பார்கள். பெட்டி பெட்டியாக இருக்கும் பழைய ஆவணங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார்கள். எல்லாம் முடிந்தபின் ஒருவர் ஏணி வைத்து ஏறி, வால் பக்கம் ஒட்டியிருக்கும் ‘வி.டி.’ என்று தொடங்கும் பதிவெழுத்தை உரித்துவிட்டு, ‘ஈ.ஐ.’ என்று தொடங்கும் எழுத்தை ஒட்டுவார். முன்னது இந்தியப் பதிவு, பின்னது அயர்லாந்துப் பதிவு. உலகின் குத்தகை விமானங்களில் பெரும் பங்கை அயர்லாந்திலிருந்து நிர்வகிக்கிறார்கள் என்பதால் இந்த எழுத்து மாற்றம் அரிதான காட்சி அல்ல. பதிவு மாறியதும் இன்னொன்றும் மாறிவிடுகிறது. நேற்று வரை அந்த ஏ320 விமானத்துக்குப் ‘பறக்கலாம்’ என்று கையெழுத்திட்டு வந்தவரின் இந்திய லைசென்ஸ், இன்று அதே தரையில் நிற்கும் அதே விமானத்துக்குத் தனியாக நின்று செல்லாது.

இது நியாயமா என்பதுதான் கேள்வி. பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் எஞ்சினோடும் இறக்கையோடும் கிடந்த பராமரிப்புப் பொறியாளர் வேறு நாட்டுக்குப் போனதும் கணிதத்திலிருந்து பரீட்சை எழுதத் தொடங்க வேண்டியிருப்பதை ‘அப்பட்டமான பாகுபாடு’ என்கிறது ஒரு தரப்பு. ‘விமானத்தில் ஏறுபவரின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், சமரசமே கூடாது’ என்கிறது மறு தரப்பு. இரண்டும் உரக்கச் சொல்லப்படுவதால் இரண்டையும் யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளை எடுத்துக்கொண்டு இதை எடைபோடலாம் என்று நினைக்கிறேன். உலகம் பரவலாக நகலெடுத்த விதிகள் அவை. வெளிநாட்டு லைசென்ஸ் விஷயத்தில் மிகவும் இறுக்கமானவை என்று பேரெடுத்தவையும் அவைதான்.

முதலில் ஒரு தவறான வாதத்தை அப்புறப்படுத்திவிட வேண்டும். 1944 டிசம்பர் 7 அன்று கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கையின் 33ஆம் பிரிவு, ஒரு நாடு வழங்கிய உரிமங்களை மற்ற உறுப்பு நாடுகள் ஏற்க வேண்டும் என்கிறதே, பிறகு ஏன் மறுக்கிறார்கள் என்று பொறியாளர்கள் கேட்பதுண்டு. அந்தப் பிரிவை முழுக்கப் படித்தால் அதில் இருப்பது வேறு. விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாடு கொடுத்த உரிமத்தைப் பிற நாடுகள் ஏற்க வேண்டும் என்பதே அதன் சாரம். பிரிட்டிஷ் பதிவுள்ள விமானம் சென்னையில் வந்து இறங்கினால் பிரிட்டிஷ் உரிமம் உள்ளவர் சென்னையிலேயே அதற்குக் கையெழுத்திடலாம், இந்தியா குறுக்கே நிற்காது. இந்திய உரிமம் உள்ளவர் பிரிட்டனுக்குப் போய் பிரிட்டிஷ் விமானத்துக்குக் கையெழுத்திடலாம் என்று அந்தப் பிரிவு எங்கும் சொல்லவில்லை. விமானம் தன் நாட்டின் சட்டத்தைச் சக்கரத்தோடு சுமந்து செல்கிறது. அதைப் பழுதுபார்ப்பவருக்கு அந்த வசதி இல்லை.

உடன்படிக்கையின் முதல் இணைப்பு பராமரிப்புப் பொறியாளருக்குக் குறைந்தபட்சத் தகுதிகளை வகுக்கிறது. வயது 18. நான்கு ஆண்டு அனுபவம், அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி முடித்திருந்தால் இரண்டு ஆண்டு. அதற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். ஆகவே சட்டம் மீறப்படுகிறது என்ற புகாருக்கு இங்கே இடமில்லை. அதிகாரம் இருப்பவர் அதை அறிவோடு பயன்படுத்துகிறாரா என்பதை மட்டும்தான் நாம் கேட்கலாம்.

ஒருவரை எண்ணிக்கொள்வோம். இந்தியாவின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. வழங்கிய பி1.1 லைசென்ஸ் வைத்திருக்கிறார். டர்பைன் எஞ்சின் பொருத்திய விமானங்களின் உடலும் எஞ்சினும் அவர் பொறுப்பு. ஏ320 வகை விமானத்துக்கான அனுமதியான டைப் ரேட்டிங் இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டு அனுபவம். ஜெர்மனியிலோ அயர்லாந்திலோ வேலைக்குப் போக விரும்புகிறார். அவர் கையிலிருக்கும் ‘பி1.1’ என்ற பெயரே ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். இந்தியா தன் பழைய வகைப் பிரிவுகளை விட்டுவிட்டு சி.ஏ.ஆர்-66 என்ற விதிக்கு மாறியபோது ஐரோப்பாவின் லைசென்ஸ் விதியான பார்ட்-66-ஐ அச்சாக வைத்துக்கொண்டது. சிங்கப்பூரின் எஸ்.ஏ.ஆர்-66, ஹாங்காங்கின் எச்.கே.ஏ.ஆர்-66 ஆகியவையும் அதே அச்சில் வார்த்தவை. பாடத்திட்டத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உடன்பிறந்தவர்கள் என்று தெரிந்துவிடும்.

ஆனாலும் ஈயாசா என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையின் விதிகளில், வெளிநாட்டு லைசென்ஸைக் கொடுத்து ஐரோப்பிய லைசென்ஸை வாங்கிக்கொள்ளும் கதவு கிடையாது. நம்மவர் பி1.1-க்கு 13 மாட்யூல், அதாவது பாடத் தேர்வுகள், எழுத வேண்டும். முதல் மாட்யூல் கணிதம், இரண்டாவது இயற்பியல், மூன்றாவது மின்னியல் அடிப்படை. பின்னம் கூட்டுவதிலிருந்து பெர்னூலி வரை எல்லாம் மறுபடி. ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று விடைகள், சராசரியாக 75 நொடி, தேறுவதற்கு 75 விழுக்காடு. பராமரிப்புச் செய்முறை, மனிதக் காரணிகள், விமானச் சட்டம் ஆகிய மூன்றில் மட்டும் கட்டுரைக் கேள்வியும் உண்டு. தவறினால் பொதுவாக 90 நாள் காத்திருப்பு. எல்லா மாட்யூலையும் தேறி, அனுபவத்தை நிரூபித்து, பத்து ஆண்டுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். இல்லையென்றால் முதலில் தேறியவை காலாவதியாகத் தொடங்கும்.

இதைக் கடந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஷிஃப்ட் முடிந்து வந்து, பிள்ளைகள் தூங்கியபின் டைனிங் டேபிளில் உட்கார்ந்து படித்தவர்கள். அவர்களிடம் கேட்டால் மாட்யூல் பெரிய தடை அல்ல என்பார்கள். சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. 13-ம் தேறி லைசென்ஸ் வாங்கினால் அது விமான வகை எதுவும் குறிக்காத அட்டையாகத்தான் வரும். பெரிய விமானம் எதற்கும் அதை வைத்துக் கையெழுத்திட முடியாது. ஏ320 என்று அதில் எழுதப்பட வேண்டுமானால் பார்ட்-147 அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்தில் டைப் பயிற்சி முடிக்க வேண்டும். அதற்குப் பல ஆயிரம் யூரோ செலவாகும். அந்தப் பயிற்சி விண்ணப்பத்துக்கு முந்தைய மூன்று ஆண்டுக்குள் நடந்ததாக இருக்க வேண்டும். அந்த லைசென்ஸ் வகையில் அதுவே முதல் டைப் என்றால், பார்ட்-145 அங்கீகாரம் பெற்ற பராமரிப்பு நிறுவனத்தில் மேற்பார்வையின் கீழ் வேலைப்பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். வேலைப்பயிற்சிக்கு அங்கே வேலை வேண்டும். வேலைக்கு டைப் வேண்டும். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்று நம் ஊரில் சொல்வார்களே, அதுதான். இதற்கு இடையில் அவர் மெக்கானிக்காகச் சேர்ந்து, இந்தியாவில் தனக்குக் கீழே வேலை செய்தவரின் நிலையில் நின்று, வேறொருவர் கையெழுத்துக்காகக் காத்திருப்பார்.

கஷ்டம் என்பதால் மட்டும் ஒரு விதி தவறாகிவிடாது. பைலட்டுக்கும் கஷ்டம்தான், மருத்துவருக்கும் கஷ்டம்தான். இந்தக் கஷ்டம் எதை உறுதிப்படுத்துகிறது என்று பார்க்க வேண்டும். அங்கேதான் ஐரோப்பிய விதி தன்னோடு தானே முரண்படுகிறது.

அதே விதித் தொகுப்பு, அதாவது 2014-இன் 1321ஆம் எண் ஒழுங்குமுறை, பார்ட்-66-க்குப் பக்கத்திலேயே பார்ட்-145-ஐயும் வைத்திருக்கிறது. அதில் 145.ஏ.30 என்ற பிரிவும் நான்காம் பின்னிணைப்பும் சொல்வது இதுதான்: ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள பராமரிப்பு நிறுவனத்தில், ஐரோப்பிய லைசென்ஸ் இல்லாதவரும் ஐரோப்பியப் பதிவு விமானத்துக்குக் கையெழுத்திடலாம். நிபந்தனைகள் உண்டு. முதல் இணைப்புக்கு உட்பட்ட தன் நாட்டு லைசென்ஸோ அங்கீகாரமோ இருக்க வேண்டும். பயணங்களுக்கு இடையே நடக்கும் லைன் மெயின்டனன்ஸ் என்றால் ஐந்து ஆண்டு அனுபவம், ஹேங்கரில் நடக்கும் பேஸ் மெயின்டனன்ஸ் என்றால் எட்டு ஆண்டு. மனிதக் காரணிகளிலும் விமானச் சட்டத்திலும் பயிற்சி. அந்த விமான வகைக்கு பார்ட்-66 தரத்தில் டைப் பயிற்சியும் தேர்வும். கணிதம், இயற்பியல், மின்னியல் ஆகியவற்றில் மறுதேர்வு எதையும் அந்தப் பட்டியல் கேட்கவில்லை.

இதை நம்மவருக்குப் பொருத்திப் பாருங்கள். அவர் இந்தியாவில் ஈயாசா அங்கீகாரம் பெற்ற ஹேங்கர் ஒன்றில் வேலை பார்த்தால், அந்த நிபந்தனைகளை நிறைவேற்றிவிட்டு ‘ஈ.ஐ.’ எழுத்துள்ள விமானத்துக்குக் கையெழுத்திட்டு டப்ளினுக்கு அனுப்பி வைக்கலாம். விமானத்தில் 180 பேர் ஏறுவார்கள், யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அதே மனிதர் அதே விமானத்தில் ஒரு இருக்கை பிடித்து டப்ளினில் இறங்கி, அங்கே ஹேங்கருக்குள் நுழைந்தால் அவருக்குப் பெர்னூலி தெரியுமா என்ற சந்தேகம் வந்துவிடுகிறது. அவர் கை அறியாதது என்று ஒன்று இருந்தால் அது இந்தியாவிலும் அறியாததுதான். பாதுகாப்பு மட்டுமே காரணம் என்றால் இந்த இரண்டு விதிகளும் ஒரே புத்தகத்தில் இருக்க முடியாது.

ஐரோப்பியத் தரப்புக்கு இதற்குப் பதில் இருக்கிறது, அது கனமான பதில். வெளிநாட்டு ஹேங்கரில் நாங்கள் நம்புவது அந்த மனிதரை அல்ல, நிறுவனத்தை என்பார்கள். அந்த நிறுவனத்தின் கருவிகள், கையேடுகள், தணிக்கை, தரப் பிரிவு எல்லாவற்றையும் எங்கள் ஆய்வாளர்கள் வந்து பார்த்திருக்கிறார்கள். தனி மனிதருக்கு லைசென்ஸ் கொடுத்தால் அந்த வேலி இல்லாமல் அவர் எங்கும் போவார் என்பார்கள். பாதி உண்மை. மறுபாதி என்னவென்றால், ஐரோப்பாவிலும் பெரிய விமானத்துக்கு லைசென்ஸை மட்டும் வைத்து யாரும் கையெழுத்திட முடியாது. அவர் வேலை செய்யும் பார்ட்-145 நிறுவனம் அவரைச் சோதித்து, தன் பெயரில் அங்கீகாரம் தர வேண்டும். அதே வேலி அங்கேயும் இருக்கிறது. வேலிக்கு வெளியே லைசென்ஸை மட்டும் வைத்துக் கையெழுத்திடக்கூடியது பெரும்பாலும் சிறிய விமானங்களுக்குத்தான். அந்த அச்சம் உண்மையானால் லைசென்ஸின் மேல் ஒரு வரம்பை எழுதிக் கொடுக்கலாம். லைசென்ஸில் வரம்பு எழுதும் வழக்கம் பார்ட்-66-இலேயே உண்டு.

இப்போது மறு தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். இதை நம் பத்திரிகைகளில் யாரும் எழுதுவதில்லை, நமக்கு உவப்பாக இருக்காது. ஒரு நாட்டின் லைசென்ஸை ஏற்பது என்றால் அதை வைத்திருப்பவரின் திறமையை ஏற்பது அல்ல. அந்த நாட்டின் பரீட்சை அறையை, விடைத்தாள் திருத்துபவரை, அனுபவச் சான்றில் முத்திரை குத்துபவரை, அவற்றைத் தணிக்கை செய்யும் அதிகாரியை எல்லாம் சேர்த்து ஏற்பது. 2020 ஜூனில் பாகிஸ்தானின் விமானத் துறை அமைச்சர் அந்நாட்டின் 860 பைலட்டுகளில் 262 பேரின் லைசென்ஸ் சந்தேகத்துக்குரியது என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். பின்னாளில் அவர்களில் பலருடையது சரியானதே என்று தெளிவானது. அதற்குள் சேதம் நடந்துவிட்டது. ஜூலை 1-ஆம் தேதி முதல் அந்நாட்டின் தேசிய விமான நிறுவனம் ஐரோப்பாவுக்குப் பறக்கத் தடை வந்தது, 2024 நவம்பரில்தான் நீங்கியது. பக்கத்து வீட்டைப் பார்த்துச் சிரிக்க நமக்கும் உரிமை இல்லை. 2011-இல் இந்தியாவில் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து லைசென்ஸ் வாங்கிய பைலட்டுகள் பிடிபட்டார்கள். 2014 ஜனவரியில் அமெரிக்காவின் விமானத் துறை நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. இந்தியாவின் பாதுகாப்பு மேற்பார்வையை இரண்டாம் தரத்துக்கு இறக்கியது, 2015 ஏப்ரலில்தான் மீண்டும் முதல் தரம் கிடைத்தது. அங்கே சந்தேகத்துக்கு உள்ளானது நம் பைலட்டின் கையோ பொறியாளரின் கையோ அல்ல, அவர்களை மேற்பார்க்கும் அலுவலகம்.

இவை பைலட் கதைகள், பொறியாளர் கதைகள் அல்ல என்று சிலர் சொல்லலாம். பைலட்டுக்கு லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகம்தான் பொறியாளருக்கும் கொடுக்கிறது. அனுபவச் சான்று விஷயத்தில் பொறியாளர் தரப்பு இன்னும் பலவீனமானது. பைலட்டின் பறக்கும் மணிகளை விமானத்தின் பதிவேட்டோடு ஒப்பிட்டுவிடலாம். பொறியாளரின் லாக் புக்கில் ‘பிரேக் யூனிட் மாற்றினேன்’ என்ற வரியை எதோடு ஒப்பிடுவது? அன்று அந்த விமானம் அந்த ஹேங்கரில் நின்றதா, அந்த வேலை அட்டையில் அவர் முத்திரை இருக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும். ஆறு மாதம் கழித்து மொத்தமாக உட்கார்ந்து நிரப்பி, மேலாளரிடம் ஒரே நாளில் கையெழுத்து வாங்கிய லாக் புக்குகளை இந்தத் தொழிலில் இருக்கும் எவரும் பார்த்திருப்பார்கள். ஐரோப்பிய அதிகாரி சந்தேகப்பட்டால் அவர்மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் சந்தேகம் அலுவலகத்தின் மேலும் லாக் புக்கின் மேலும் என்றால், மருந்து கணிதப் பரீட்சையா? அனுபவம் பொய்யாக இருக்கலாம் என்று அஞ்சுகிறவர் அனுபவத்தைத்தானே தோண்ட வேண்டும். மூன்று விடையில் ஒன்றை 75 நொடியில் தேர்ந்தெடுக்கும் தேர்வு அதைத் தொடக்கூட இல்லை. பார்ட்-66-இல் நேரடியாக மாட்யூல் எழுதி வருபவருக்குச் செய்முறைத் தேர்வே கிடையாது என்பதையும் கவனிக்க வேண்டும். செய்முறை, அவருடைய அனுபவப் பதிவில் அடங்கியிருப்பதாக விதி எடுத்துக்கொள்கிறது. எதைச் சந்தேகப்படுகிறார்களோ அதன்மேலேயே முழு பாரத்தையும் ஏற்றிவிட்டு, சந்தேகம் இல்லாத இடத்தில் 13 பூட்டு போட்டிருக்கிறார்கள்.

1990 ஜூன் 10 அன்று பர்மிங்ஹாமிலிருந்து மலாகாவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தில் நடந்ததை இந்தத் தொழிலில் எல்லோரும் படித்திருப்பார்கள். 17,300 அடி உயரத்தில் கேப்டனின் பக்கத்துக் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் உடல் பாதி வெளியே இழுக்கப்பட்டது. விமானப் பணியாளர்கள் அவர் காலைப் பிடித்துக்கொண்டே இருக்க, துணை விமானி சவுதாம்ப்டனில் இறக்கினார். எல்லோரும் பிழைத்தார்கள், கேப்டனும். முந்தைய நாள் அதிகாலை அந்தக் கண்ணாடியை மாற்றியபோது பொருத்திய 90 போல்ட்டில் 84, விட்டம் 0.026 அங்குலம் குறைவானவை. மாற்றியவர் கற்றுக்குட்டி அல்ல, ஷிஃப்ட் மேலாளர். கழற்றிய போல்ட்டைக் கண்ணால் ஒப்பிட்டு அதே மாதிரி எடுக்கப் பார்த்தார். ஸ்டோர் ஆள் சரியான அளவைச் சொன்னார், அவர் அதை எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு வெளிச்சம் குறைந்த, ஆள் இல்லாத இன்னொரு ஸ்டோருக்குப் போய் எடுத்தார். உதிரிபாகப் பட்டியலைத் திறந்து பார்த்திருந்தால் ஒரு நிமிட வேலை.

அந்த மனிதரின் குறை கணிதத்தில் இல்லை. இயற்பியலிலும் இல்லை. அவர் அன்று தோற்றது அவசரத்தில், பழக்கத்தில், விடியற்கால அசதியில். இத்தகைய விபத்துகளுக்குப் பிறகுதான் ‘மனிதக் காரணிகள்’ பராமரிப்பாளருக்கும் ஒரு பாடமானது, இன்று அது ஒன்பதாவது மாட்யூல். வெளிநாட்டுப் பொறியாளரிடம் அந்த மாட்யூலைக் கேட்பது முற்றிலும் சரி. அதிலும் கட்டுரைக் கேள்வி இருப்பது நல்லது. பத்தாவது மாட்யூலான சட்டத்தையும் விடவே கூடாது. எந்தக் குறையை ஒத்திப் போடலாம், எதை ஒத்திப் போடக்கூடாது, எந்தத் தாளில் எந்த வாசகத்தோடு விடுவிக்க வேண்டும் என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். மின்னழுத்தம் மாறாது. ஓம் விதி டெல்லியிலும் டப்ளினிலும் ஒன்றுதான்.

அமெரிக்காவை ஒப்பிட்டால் இந்த வேறுபாடு துலங்கும். அமெரிக்காவும் வெளிநாட்டு லைசென்ஸை மாற்றித் தருவதில்லை, அந்த வகையில் ஐரோப்பாவைவிடத் தாராளம் என்று சொல்ல முடியாது. நாட்டுக்கு வெளியே இருக்கும் வெளிநாட்டவருக்கு அமெரிக்கப் பதிவு விமானத்துக்குத் தேவை இருந்தால் மட்டுமே சான்று என்ற நிபந்தனை வேறு உண்டு. ஆனால் அங்கே லைசென்ஸைத் தள்ளிவிட்டு அனுபவத்தை எடுத்துக்கொள்கிறார்கள். உடல், எஞ்சின் இரண்டுக்கும் சேர்த்து 30 மாத அனுபவத்தை எஃப்.ஏ.ஏ. ஆய்வாளர் நேரில் பார்த்து ஏற்றால் மூன்று எழுத்துத் தேர்வு, பிறகு வாய்மொழித் தேர்வும் செய்முறைத் தேர்வும். தேர்வாளர் முன்னால் நின்று ரிவெட் அடிக்க வேண்டும், சேஃப்டி வயர் முறுக்க வேண்டும், மேனுவலைத் திறந்து சரியான பக்கத்தைக் காட்ட வேண்டும். போலி லாக் புக் அங்கே பத்து நிமிடத்தில் பல்லிளிக்கும். அமெரிக்கச் சான்றில் விமான வகை எழுதுவதில்லை என்பது அதன் பெரிய ஓட்டை, அந்தப் பாரத்தை முழுக்க நிறுவனம் சுமக்க வேண்டியிருக்கிறது. அந்த ஓட்டையை வைத்துக்கொண்டேகூட, ஒருவரின் கையைச் சோதிக்கும் விஷயத்தில் அமெரிக்க முறை மேல் என்றே சொல்வேன்.

ஐரோப்பிய வாதத்தை இன்னொரு வழியில் சோதிக்க நல்லவேளையாக வரலாறே ஒரு வாய்ப்பைக் கொடுத்தது. 2020 டிசம்பர் 31 வரை பிரிட்டன் ஈயாசா அமைப்புக்குள் இருந்தது. அங்கே வழங்கிய பார்ட்-66 லைசென்ஸ் ஏதென்ஸிலும் ஆஸ்லோவிலும் செல்லும். அன்று இரவு, பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்ஸிட்டின் இடைக்காலம் முடிந்தது, மறுநாள் முதல் ஐரோப்பா பிரிட்டிஷ் லைசென்ஸை ஏற்கவில்லை. முன்கூட்டியே தன் லைசென்ஸை அயர்லாந்து போன்ற உறுப்பு நாட்டுக்கு மாற்றிக்கொண்டவர் தப்பினார். மாற்றாதவர் வெளிநாட்டுக்காரர் ஆனார். பிரிட்டன் ஐரோப்பிய லைசென்ஸை மேலும் இரண்டு ஆண்டு, 2022 முடியும் வரை, ஏற்றுக்கொண்டது. பிறகு அங்கேயும் கதவு மூடியது. ஒரே பாடத்திட்டத்தில், ஒரே விதியில், ஒரே தேர்ச்சி மதிப்பெண்ணில் வாங்கிய லைசென்ஸ். புத்தாண்டு இரவில் எந்தப் பொறியாளரும் எதையும் மறந்துவிடவில்லை.

இது பாதுகாப்பு வாதத்தின் முகமூடியைக் கிழிக்கிறது என்று பலர் எழுதினார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஈயாசாவின் கீழ் ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளோடு சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஐஸ்லாந்தும் லிக்டன்ஸ்டைனும் சேர்ந்து 31 நாடுகள் ஒன்றின் லைசென்ஸை ஒன்று கேள்வி கேட்காமல் ஏற்கின்றன. காரணம் அவற்றின் அலுவலகங்களுக்குள் ஈயாசா புகுந்து தணிக்கை செய்கிறது. பிரிட்டன் வெளியேறியதும் அந்தத் தணிக்கை நின்றது, நம்பிக்கைக்கான கயிறு அறுந்தது. அன்று இரவு மாறியது மேற்பார்வைதான், திறமை அல்ல. ஆகவே பிரெக்ஸிட் எனக்கு வேறொன்றைச் சொல்கிறது. லைசென்ஸ் ஏற்பு என்பது நாடுகளுக்கு இடையிலான தணிக்கை விவகாரம். தனி மனிதர் எத்தனை பரீட்சை எழுதினாலும் அந்த விவகாரம் தீராது. அரசாங்கங்கள் செய்யாமல் விட்ட வேலையின் கூலியைப் பொறியாளர் தன் பணத்திலும் தூக்கத்திலும் கட்டுகிறார்.

ஆள் பற்றாக்குறையைக் காட்டித் தளர்வு கேட்பவர்களோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அடுத்த இருபது ஆண்டுக்கு 7,16,000 புதிய பராமரிப்புப் பணியாளர்கள் தேவை என்று போயிங் 2024-இல் கணித்தது. விமானம் விற்பவரின் கணிப்பு என்று கொஞ்சம் கழித்துக்கொண்டாலும் பெரிய எண்தான். ஆள் போதவில்லை என்பதற்காக வாசலை அகலமாக்கினால், ஆள் போதுமான அன்று மறுபடி மூடிவிடுவார்கள். உரிமை என்று கேட்க வேண்டியதைத் தயவாக வாங்கிக்கொள்வதில் என்ன பெருமை?

என் தீர்ப்பை இனிச் சொல்லிவிடலாம். வெளிநாட்டு லைசென்ஸை அப்படியே ஏற்க வேண்டும் என்ற கோரிக்கையை நிராகரிக்கிறேன். அது வழங்கிய நாட்டின் அலுவலகத்தைக் கண்ணை மூடி நம்பச் சொல்கிறது, அந்த நம்பிக்கைக்கு நம் நாடும் முழுமையாகத் தகுதி காட்டவில்லை. 13 மாட்யூலும் மறுபடி எழுத வேண்டும் என்ற ஐரோப்பிய நடைமுறையையும் நிராகரிக்கிறேன். அது சோதிக்க வேண்டியதைச் சோதிக்கவில்லை. ஐந்தோ எட்டோ ஆண்டு அனுபவமும் டைப்பும் உள்ளவரிடம் சட்டமும் மனிதக் காரணிகளும் எழுத்தில் கேட்கட்டும். அனுபவத்தை வேலை அட்டை வரை தோண்டட்டும். ஹேங்கரில் நிறுத்திச் செய்முறையாகச் சோதிக்கட்டும். ‘பார்ட்-145 நிறுவனத்துக்குள் மட்டும்’ என்று வரம்பெழுதி லைசென்ஸ் கொடுக்கட்டும். நான்காம் பின்னிணைப்பு ஏறக்குறைய இதைத்தான் வெளிநாட்டு ஹேங்கருக்குச் சொல்கிறது. அந்த அளவுகோலைத் தங்கள் ஊர் ஹேங்கருக்கும் வைத்துக்கொண்டால் போதும்.

அடிப்படை மாட்யூல்களைக் கழிக்கப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. பார்ட்-66-இன் 66.பி.400-இல் தொடங்கும் பகுதி, வேறொரு தொழில்நுட்பத் தகுதியைப் பாடம் பாடமாக ஒப்பிட்டு அறிக்கை தயாரித்தால், பொருந்தும் பாடங்களுக்குத் தேர்விலிருந்து விலக்கு அளிக்கலாம் என்கிறது. அந்த அறிக்கையை ஓர் உறுப்பு நாட்டின் அலுவலகம் தயாரிக்க வேண்டும். அதற்குப் பாடத்திட்டமும் கேள்வித்தாள் தரமும் தேர்வு நடத்தும் முறையும் திறந்து காட்டப்பட வேண்டும். இங்கே பந்து நம் பக்கம் இருக்கிறது. பார்ட்-66-இன் அச்சிலேயே விதி எழுதிக்கொண்ட இந்தியா, தன் பொறியாளர்களுக்காக அந்த ஒப்பீட்டைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டாமா? வெளியிலிருந்து வரும் பொறியாளருக்கு நாம் என்ன செய்கிறோம் என்று எதிர்த் தரப்பு கேட்டால் சொல்வதற்கும் ஒரு பதில் வைத்திருக்க வேண்டும்.

அது நடக்கும்வரை, இன்று ஹேங்கரில் வேலை பார்க்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. எந்த நாட்டுக்கு எப்போது போனாலும் முதலில் திறக்கப்படப் போவது உங்கள் லாக் புக்தான். தேதி, விமானத்தின் பதிவெழுத்து, வேலை அட்டை எண், என்ன செய்தீர்கள் என்ற ஒரு வரி, மேற்பார்த்தவரின் அங்கீகார எண் ஆகியவை ஒவ்வொரு பதிவிலும் இருக்கட்டும். இந்த வாரம் செய்த வேலைக்கு இந்த வாரமே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.